கல்வெட்டும் நடுகல்லும்

யாழ்ப்பாணத்தவர் வீட்டில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளிற் கல்வெட்டு அச்சிடுவது வழக்கம். கல்லிலே வெட்டியதன்று, தாளிலே அச்சிட்டது. அதற்குப் பண்டிதர் ஒருவர் தேவைப்படுவார். வடமராட்சியிற் பிறந்து கண்டியிலே குடியேறிய அடியேனும் இந்த முப்பது ஆண்டுகளில் எண்பதுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளுக்குச் செய்யுள் யாத்துக் கொடுத்திருக்கிறேன். திதி வெண்பா ஒன்று; குலமுறை கிளத்தல் ஒன்று; மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என வரிசையாகச் சில விருத்தங்கள். உண்மையைச் சொல்லி விடுகிறேனே: ஊரும் பேரும் மட்டும் மாறும், மற்றவை பெரும்பாலும் மாறுவதில்லை. இறந்தவர் ஆசிரியராயின் "அறிவுக்கடல்" ஆவார். வணிகராயின் "வள்ளல்" ஆவார். இரண்டுமல்லராயின் "பண்பின் சிகரம்" ஆவார். எதுகைக்கு இசைந்தால் மூன்றும் ஆவார்.

இவ்வளவு கைப்பழக்கம் உள்ளவன், சென்ற மாதம் ஒரு தாளின் முன்னே மூன்று இரவுகள் எழுத்தோடாமல் அமர்ந்திருந்தேன். பேராதனையில் என்னோடு ஒருசாலை மாணாக்கனாக இருந்து, கலஹாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் இருபத்தாறு ஆண்டு ஆசிரியத் தொழில் செய்து, சென்ற ஆண்டு கண்டி வைத்தியசாலையிலே கண்ணை மூடிய என் நண்பனுக்கு, அவனுடைய பழைய மாணவர்கள் நினைவு மலர் வெளியிடுகிறார்கள். "நீங்கள்தான் ஐயா அவரை நன்றாக அறிந்தவர், இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். எழுதினேன். எழுதியதை மறுநாட் காலையிற் படித்தேன். "எடுத்த கருமத்திற் பின்வாங்காதவர், இன்சொல்லர், தமிழ்த்தொண்டே தம் மூச்செனக் கொண்டவர்" என்றிருந்தது. அதிலே என் நண்பன் இல்லை. அச்சொற்களை நம் நாட்டில் இறந்த எந்த ஆசிரியருக்கும் சாத்தலாம். கிழித்தெறிந்தேன். இக்கட்டுரை அதன் பின் எழுந்த சிந்தனை.

இறந்த நண்பரைப் பற்றி எழுதுவதில் நம் இலக்கிய உலகம் ஒரு பெருந்தவறு செய்து வருகிறது என்பது என் கருத்து. இறந்தவரை நாம் உயர்த்துகிறோம் என்று எண்ணிக்கொண்டு அவரை அழித்துவிடுகிறோம். பட்டம், பதவி, பெற்ற பரிசு, வகித்த தலைமை ஆகியவற்றை நிரல்படுத்துகிறோம். அவற்றையெல்லாம் ஓர் எழுதுவினைஞர் கந்தோரிலுள்ள கோப்பைப் பார்த்தே எழுதிவிடலாம்; அதற்கு நண்பர் எதற்கு?

பழந்தமிழர் இவ்வாறு செய்தாரல்லர். புறத்திணையிலே கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்திக் கூறுவது அது. மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போது நான் வற்புறுத்தும் ஒன்று உளது: கையறுநிலைச் செய்யுள்களிற் பொதுமொழி மிகக் குறைவு. பாரி மாய்ந்தபின் கபிலர் பறம்பு மலையை நோக்கிப் பேசுகிறார். அதன் சுனையும் தேனும் புனமும் திறந்து கிடந்த வாயிலும் பேசப்படுகின்றன. இழந்தது எது என்பது அங்கே துலக்கமாய் இருக்கிறது. அதனாலேதான் ஈராயிரம் ஆண்டு கழிந்தும் நமக்கு உறைக்கிறது. அன்றியும், கபிலர் பாடியதோடு அமையவில்லை. தந்தையை இழந்த பாரி மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு மன்னரிடம் சென்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு கேட்டு மறுக்கப்பெற்றார். பெண்கொள்ளக் கேட்டு அவமதிப்புற்ற ஒரு பெரும்புலவரைக் கற்பனை செய்து பாருங்கள். நண்பனுக்காக அவர் ஏற்ற சிறுமை அது.

நட்பென்றதும் நம் மேடைப் பேச்சாளர் அனைவரும் பிசிராந்தையாரையே நாடுவர். கோப்பெருஞ்சோழனை ஒருமுறையேனும் காணாதிருந்து, அவன் வடக்கிருந்தபோது தாமாகவே வந்து உடனிருந்து உயிர் நீத்தவர் அவர். வியத்தகு செயல்தான், மறுப்பேனல்லேன். ஆயினும் அதே சோழனுக்குப் பொத்தியார் என்று இன்னொரு நண்பர் இருந்தார். அவரைப் பற்றிப் பேசுவார் அரியர். அவரும் உடன் வடக்கிருக்கவே விரும்பினார். அரசனோ, "உனக்கு மகன் பிறந்தபின் வா" என்று சொல்லி அனுப்பிவிட்டான். பொத்தியார் ஊர் திரும்பினார். அரசன் இறந்தான்; நடுகல்லாயினான். மகன் பிறந்தபின் பொத்தியார் வந்து அந்தக் கல்லின் முன் நின்றார். நண்பன் இல்லாத உறையூரிற் சிலகாலம் உயிரோடிருந்து, வீட்டுக் கடமையை முடித்து, பின்னர்த் தம் வாக்கைக் காத்தவர். நான் இருபது வயதிற் பிசிராந்தையாரைப் படித்துக் கண்ணீர் விட்டேன். ஐம்பது கடந்தபின் பொத்தியாரே எனக்கு அணுக்கமாகத் தோன்றுகிறார். உடன் இறப்பது ஒரு நாட் செயல். பின்னே இருந்து வாழ்வதற்கு எத்தனையோ நாள்கள் வேண்டும்.

இந்தப் பொத்தியார் நிலையை நம் காலத்தில், நம் பேராதனையிலேயே தோன்றிய ஒரு நட்பிலே காண்கிறேன். கைலாசபதி, சிவத்தம்பி என்னும் இருவரையே குறிக்கிறேன் என்பதை வாசகர் உணர்ந்திருப்பர்.

1932இற் கரவெட்டியிற் பிறந்தவர் சிவத்தம்பி. 1933இற் கோலாலம்பூரிற் பிறந்தவர் கைலாசபதி. முன்னவர் கொழும்பு சாஹிராக் கல்லூரி வழியாகவும், பின்னவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, கொழும்பு றோயல் கல்லூரி வழியாகவும் 1950களிற் பேராதனையை அடைந்தனர். மகாவலிக் கரையில், ஹந்தானை மலையடிவாரத்தில், சர்வகலாசாலைக் கட்டடங்கள் புத்தம் புதிதாய் எழுந்திருந்த காலம் அது. கணபதிப்பிள்ளை, செல்வநாயகம், வித்தியானந்தன் ஆகியோர் தமிழ் கற்பித்தனர். ஆசிரியர் மூவரும் மூவகை. கணபதிப்பிள்ளை வடமொழியும் மொழியியலும் வல்லவராயிருந்தும் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியில் நாடகம் எழுதியவர். செல்வநாயகம் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதியவர். வித்தியானந்தன் பின்னாளிற் கூத்தைக் கிராமத்திலிருந்து சர்வகலாசாலை அரங்குக்குக் கொணர்ந்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மாணவரைக் கொண்டு ஆடச் செய்தவர். இம்மூவரிடமும் கற்றோர் பேச்சுத் தமிழை இழிவென்று எண்ணியிருக்க முடியாது.

கைலாசபதி பட்டம் பெற்றபின் பத்திரிகைத் துறை புகுந்து, 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராயிருந்தார். சிவத்தம்பி சாஹிராவிற் கற்பித்துப் பின் பாராளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவராகப் பணிபுரிந்தார். இருவரும் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் இயங்கினர். இருவரும் இங்கிலாந்திலுள்ள பேர்மிங்ஹாம் சர்வகலாசாலையில், கிரேக்க இலக்கிய அறிஞராகிய ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றனர். ஒருவர் சங்கச் செய்யுள்களை வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்தார், மற்றவர் பண்டைத் தமிழரின் நாடகத்தை ஆராய்ந்தார். 1970களில் இருவரும் யாழ்ப்பாணத்திற் புதிதாக எழுந்த சர்வகலாசாலைக்குச் சென்று சேர்ந்தனர். இவ்வளவு ஒப்புமை இருந்தபடியால் நம்மவர் இவர்களை இரட்டையர் என்று ஒரே மூச்சிற் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப் புலவரைப்போல ஒருவர் முதலடி பாட மற்றவர் முடித்தார் என்பது நினைப்பு.

இது இருவருக்கும் இழைக்கும் அநீதி. கைலாசபதியின் வசனம் தெளிந்த நீரோடை. பத்திரிகை பழக்கிய கை. சிவத்தம்பியின் வசனமோ அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாய் வளர்ந்து வாசகனை மூச்சு வாங்க வைக்கும். என் மாணவர் அதிற் பயனிலையைத் தேடிக் களைத்துப்போவதை ஆண்டுதோறும் காண்கிறேன். இது சிறு வேறுபாடு. பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. 1960களிற் பொதுவுடைமை இயக்கம் மொஸ்கோ என்றும் பீக்கிங் என்றும் இரண்டாகப் பிளந்தபோது, நம் நாட்டுக் கட்சியும் பிளந்தது. அண்ணன் தம்பியர் முகம் பாராமற் போன காலம். கைலாசபதி பீக்கிங் சார்பினர். சிவத்தம்பி மொஸ்கோ சார்பினர். கைலாசபதியும் அவருடைய மனைவியாரும் சேர்ந்து மக்கள் சீனத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினர். ஆயினும் நட்பு பிளக்கவில்லை. ஒத்த கருத்தினர் நண்பராயிருப்பதில் என்ன அருமை இருக்கிறது? கட்சிக்காரர் ஒருவரையொருவர் துரோகி என்று வைத பொழுதில் இவர்கள் ஒருவர் நூலை ஒருவர் மதித்து வாசித்தார்களே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1982ஆம் ஆண்டு மார்கழி 6ஆம் திகதி கைலாசபதி காலமானார். வயது நாற்பத்தொன்பது. சிவத்தம்பி 2011ஆம் ஆண்டு ஆடி 6ஆம் திகதி வரை இருந்தார். இடைப்பட்டவை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல். அந்தக் காலம் முழுவதும் அவர் தம் நண்பரைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார் என்பதை எல்லோரும் அறிவர். நான் கவனிப்பது வேறொன்று. அவர் நண்பர் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. சமயமும் கவிதையும், சினிமா, யாழ்ப்பாணச் சமூகத்தின் உள்ளமைப்பு, தேசியம் என்று அவருடைய ஆராய்ச்சி வேறு வெளிகளிற் படர்ந்தது. உயிரோடிருந்தால் கைலாசபதி இவற்றுட் சிலவற்றை மறுத்துமிருக்கலாம். மறுக்கத்தக்க ஒருவரோடு மனத்துள் உரையாடியபடியே எழுதப்பட்டவை அவை என்றே நான் வாசிக்கிறேன். இது என் ஊகம். சான்று கேட்பார் கேட்கட்டும்.

இனி, நான் ஒதுக்கி வந்ததைச் சொல்லவேண்டும். இதனைச் சொல்லாவிடின் மேலே எழுதியதெல்லாம் இன்னொரு கல்வெட்டே.

1980களின் இறுதியிற் பெரும்பாலும் மூடிக்கிடந்த சர்வகலாசாலைகள் மறுபடி திறந்த காலத்தில் நானும் அவனும் பேராதனையிற் புகுந்தோம். தன் தோட்டத்திலிருந்து சர்வகலாசாலைக்கு வந்த முதற் பிள்ளை அவன். 1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி நின்றது. விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் புறப்பட, எனக்குப் போக ஊரில்லை. "மச்சான், பெட்டியைக் கட்டு" என்றான். கலஹா பஸ்ஸில் ஏறி, இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே நடந்து அவர்களுடைய லயத்துக்குப் போனோம். ஓர் அறை, ஒரு திண்ணை, ஓர் அடுப்பங்கரை. ஆறு பேர் இருந்த இடத்தில் ஏழாமவனாக நான். அவன் தாயார் பெரட்டுக்குப் போகுமுன் விடியற்காலையில் றொட்டி தட்டி, சம்பல் அரைத்து, எனக்குரியதை மூடி வைத்துவிட்டுப் போவார். "சாப்பிடு சாமி" என்பார். நான்கு ஆண்டுகளில் எத்தனை விடுமுறை அங்கே கழிந்தது என்பதை நான் எண்ணவில்லை; அவர்களும் எண்ணவில்லை.

ஒருநாள் மாலை, வடக்குப் பிறப்பிடம் காட்டிய அடையாள அட்டை காரணமாக என்னை ஒரு காவல் நிலையத்தில் இருத்தி வைத்தனர். அவன் சிங்களத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "உன்னை யாரும் பிடிக்கவில்லை, நீ போ" என்றார்கள். அவன் போகவில்லை. வாயிலுக்கு எதிரே ஒரு கடைத் தாழ்வாரத்தில், மழையில், விடியும்வரை நின்றான். உள்ளே சாளரத்தின் வழியே அவனுடைய குடையை நான் கண்டுகொண்டிருந்தேன். விடிந்ததும் எங்கள் சிங்கள விரிவுரையாளர் ஒருவரை எழுப்பி அழைத்து வந்து என்னை மீட்டான். அதைப் பற்றிப் பின்னர் அவன் ஒரு தரமேனும் பேசியதில்லை.

இது அவனுடைய பக்கம். என் பக்கத்தைக் கேளுங்கள். சில ஆண்டுகளின் பின், நான் பண்டிதர் பரீட்சை தேறி, சபைகளிலே முன்வரிசைக்கு வந்தபின், ஓர் இலக்கியக் கூட்டம் நடந்தது. தோட்டப் பெண்களின் பாடல்களைப் பற்றி அவன் கட்டுரை படித்தான். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த வழியிலே, தன் தோட்டத்துக் கிழவியரிடம் கேட்டெழுதியவை. பெரட்டு, கவ்வாத்து, படங்கு என்று சொற்கள் வந்தன. சபையில் இருந்த மூத்தவர் ஒருவர் இடைமறித்து, "இதுவும் தமிழோ?" என்றார். சிரிப்பு எழுந்தது. 1960களில் "இழிசனர் வழக்கு" என்று தொடுத்த அதே கணைதான். அன்று கைலாசபதியும் சிவத்தம்பியும் எதிர்கொண்டது. நான் மேடையில் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தமிழ் தட்டிய றொட்டியைத் தின்றவன் நான். மூத்தவருடைய தயவு எனக்குத் தேவைப்பட்டது. வாய் திறக்கவில்லை, சிரிப்பிற் சேரவுமில்லை என்று இத்தனை நாளும் என்னை ஆற்றி வந்தேன்.

அவன் கட்டுரையைப் படித்து முடித்தான். திரும்பும்போது பஸ்ஸில் அருகருகே இருந்தோம். பேராதனைச் சந்தி கடந்தபின் ஒன்று கேட்டான்: "கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பிற் கட்டுகிற படங்கு இருக்கிறதே, அந்தச் சொல் பழைய நூல்களில் உண்டா? உனக்குத் தெரியும், பார்த்துச் சொல்லு." பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. வெட்கம் உள்ள இடத்துக்கு மனிதன் திரும்பிப் போக விரும்புவதில்லை. அவனும் மறுமுறை கேட்கவில்லை. அதன் பின் அவன் எந்தச் சபையிலும் கட்டுரை படித்ததில்லை. எங்கள் நட்பு மட்டும் முன்போலவே இருந்தது. அப்படி இருந்ததற்குக் காரணம் அவன்.

கிழித்த இரண்டு பக்கத்தில் இந்தச் செய்தி இல்லை. நினைவு மலர் ஆசிரியர்களாகிய இளைஞர்கள் இதனை ஏற்பார்களோ தெரியாது. மலரின் மங்கலத்துக்கு இது ஏற்றதன்று என்று எவரேனும் சொல்லக்கூடும். நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: மலருக்குச் செலவிடும் பணத்திற் பாதியை வழுவழுப்பான தாளிலும் வண்ணப்படத்திலும் கொட்டாது, அவர் விட்டுச் சென்ற ஏழு கொப்பிகளை அச்சேற்றுங்கள். அவற்றிற் பாடல்கள் இருக்கின்றன. பாடியவரின் வயதும் தோட்டமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவருட் பலர் இன்று இல்லை. ஒப்பு நோக்கிப் பிழை திருத்தும் வேலையைக் கூலியின்றி நான் செய்கிறேன்.

கொப்பிகளை அவன் மகள் கொண்டுவந்து தந்தாள். நான்காவது கொப்பியில், ஒரு பாடலின் ஓரத்திற் பென்சிலால் எழுதியிருந்தது: "படங்கு — பண்டிதரிடம் கேட்டிருக்கிறேன்." கேட்டிருக்கிறேன் என்று, கேட்டேன் என்றன்று. அன்றிரவு அகராதியை எடுத்தேன். ஆடை, கூடாரம் என்று பொருள் தந்து அந்தச் சொல் அங்கே இருந்தது. கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் சென்றது. அதன் கீழே பென்சிலாலேயே பொருளை எழுதி, அன்றைய திகதியை இட்டேன்.

அவன் தாயார் இருக்கிறார், எண்பது கடந்துவிட்டது. ஐந்தாம் கொப்பியில் எனக்கும் அகராதிக்கும் விளங்காத பதினொரு சொற்கள் உள. வரும் சனிக்கிழமை காலைக் கலஹா பஸ்ஸில் அவரிடம் கேட்கப் போகிறேன்.